மூணாவது பட்டன்

மீன்தொட்டிக்கு ஸ்டாண்டு செய்யறதுல என்ன பெரிய வித்தை இருக்குன்னு கேக்கறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாலு கால், மேல ஒரு பலகை, முடிஞ்சுதுன்னு நெனப்பு. தண்ணியோட கனம் தெரிஞ்சவன் அப்படிப் பேசமாட்டான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னு ஒரு தொட்டி. அதுல தண்ணி, மணல், கல்லு, கண்ணாடி எல்லாம் சேந்தா முந்நூத்தம்பது கிலோவைத் தொடும். ஆறு ஆள் ஒண்ணா ஏறி நிக்கிற கனம். அந்த ஆறு பேரும் எறங்கவே மாட்டாங்க. ஒரு கால் கொஞ்சம் குட்டையா இருந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கிட்டே இருந்து, ஒருநாள் படார்னு விட்டுடும். அதனால ஸ்டாண்டு கேட்டு யார் வந்தாலும் முதல்ல நாலு திட்டு திட்டிட்டுத்தான் டேப்பையே எடுப்பேன். தெருவுல எனக்கு முசுடுன்னு பேரு. வெச்சுக்கட்டும். நான் செஞ்ச நாற்காலி ஒண்ணுகூட ஆடினதில்லை.

மெக்கானிக் அண்ணன் என் பட்டறைக்கு வந்தது ஒரு மழைநாள். குடையை மடக்காம வாசல்லயே நின்னாரு. முப்பது வருசம் பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை பாத்த மனுசன். இடுப்பு அப்பவே போச்சு. குனிஞ்சா நிமிர, நிமிந்தா குனிய, ரெண்டுக்கும் ஒரு "அம்மா" வேணும். ஆறு மாசத்துக்கு முன்னாடி வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்தாரு. டெய்லரக்காவுக்கு, அதான் அவர் சம்சாரத்துக்கு, நரம்பு வியாதி. முதல்ல மிஷின் மிதிக்கிற கால் போச்சு, அப்புறம் கத்திரி புடிக்கிற கை போச்சு. இது திரும்பி வராதுன்னு டாக்டர் பட்டுன்னு சொல்லிட்டாரு.

"தம்பி, மீன்தொட்டிக்கு ஒரு ஸ்டாண்டு வேணும்."

"முன்னறையில இரும்பு ஸ்டாண்டு குத்துக்கல்லாட்டம் நிக்குதே. அதுக்கு என்ன கேடு?"

"தொட்டியை அவ படுத்திருக்கிற அறைக்கு மாத்தணும்டா. படுத்த வாக்குல பாக்கற மாதிரி தாழ்வா வேணும். ஆடவே கூடாது."

"நான் செஞ்சது எதுண்ணே ஆடியிருக்கு?"

கீழ கிடந்த மரச்சுருளை எடுத்து விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாரு. அப்புறம் என் மூஞ்சியைப் பாக்காம சொன்னாரு.

"அவ என்னையே பாக்கறாடா. கழுத்து திரும்பல, கை எழும்பல, கண்ணு மட்டும்தான் ஓடுது. நான் எங்க போனாலும் அது பின்னாடியே வருது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுது. அவ முன்னாடி அழ முடியுமா? சமையலறைக்குள்ள போயி கதவைச் சாத்திட்டு அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு வர்றேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவறது? மீனைப் பாத்துக்கிட்டு இருந்தா அவளுக்கும் பொழுது போகும். நானும் கொஞ்சம் மூச்சு விட்டுக்குவேன்."

கட்டின பொண்டாட்டி பாக்கறது பாரமா இருக்குன்னு ஒருத்தன் சொல்லுவானான்னு எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. நல்லா நாலு கேக்கலாம்னு நிமிந்தா, மனுசனுக்கு உதடு துடிச்சுக்கிட்டு இருக்கு. வந்த வார்த்தையை முழுங்கிட்டு, "நாளைக்குக் காலையில வர்றேன், போங்க"ன்னு சொன்னேன்.

அந்த வீட்டுல மூணே அறை. முன்னறையில தையல் மிஷின் மேல துணி போத்தியிருந்துச்சு. பக்கத்துலயே மீன்தொட்டி. அடுத்தது அக்கா படுத்திருந்த அறை, அதுக்கும் அடுத்தது சமையலறை. அக்கா தாழ்வான மரக்கட்டில்ல ரெண்டு தலையணை வெச்சுச் சாஞ்சிருந்தாங்க. காலுக்கு நேர் எதிர்ல சமையலறை வாசல். அறை முழுக்க தைலமும் சுடுகஞ்சியுமா ஒரு வாசனை. என்னைப் பாத்ததும் அக்காவோட கண்ணு சிரிச்சுது.

"முசுடு... வந்தியா." நாக்கு தடிச்சுப் போயி ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு. ஆனா புத்தி மட்டும் ஊசி மாதிரி. "போன தடவை... தெச்ச சட்டையில... பட்டன் ஒண்ணு... இல்ல."

"அது கிடக்குதுக்கா. வேலை செய்யறவனுக்கு என்னாத்துக்கு அத்தனை பட்டன்?"

டேப்பை நீட்டி அவங்க கண்ணுக்கும் தரைக்கும் அளந்தேன். சுவரோரமா இடத்தைக் காட்டினேன். சுவர்ல சாத்தி வெச்சா ஸ்டாண்டுக்குப் பாதி பலம் சுவரே குடுத்துடும். அக்கா ஒத்துக்கலை.

"அங்க... வேணாம். வாசலுக்கு... நேரா."

"வாசலை மறைச்சுக்கிட்டா? அண்ணன் எப்படிப் போவாரு, வருவாரு? பறந்தா?"

"பக்கவாட்டுல... போவாரு. அடுப்படி... ஜன்னல் வெளிச்சம்... பின்னாடியிலேருந்து... வரணும். அப்பத்தான்... மீன்... நல்லா தெரியும்."

"பாசி புடிக்கும்க்கா. அப்புறம் நடு அறையில தனியா நின்னா நாலு பக்கமும் குறுக்குச்சட்டம் அடிக்கணும். எனக்கு இரட்டை வேலை."

"செய்யி. உனக்கென்ன... வேற... பொழப்பு."

அண்ணன் ஆசையா ஒரு நீலத்தாள் வாங்கி வெச்சிருந்தாரு. கடலு, பவளம் எல்லாம் அச்சடிச்சது. தொட்டிக்குப் பின்னாடி ஒட்டினா ஜோரா இருக்கும்னு கடைக்காரன் சொன்னானாம். அதை விரிச்சுக் காட்டினதும் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. வேணாம்னா வேணாம். சமையலறைக் கதவையும் இனிமே சாத்தக்கூடாது, வெளிச்சம் வராதாம். அண்ணன் என்னைப் பாத்து, "கேட்டியா உத்தரவை? படுத்துக்கிட்டே குடித்தனம் நடத்தறா"ன்னு சொல்லிட்டு டீ போடப் போனாரு.

அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா கண்ணாலயே என்னைக் கிட்டக் கூப்பிட்டாங்க.

"இந்த உயரம்... எனக்கு. கொஞ்ச நாளைக்கு. அப்புறம்... அவரு... குனிஞ்சு குனிஞ்சு... தீனி போடணும். இடுப்பு... உடைஞ்சுடும். மீனையும்... விட்டுடுவாரு."

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"வரட்டும். வளர்ற புள்ளைக்கு... உள்ள மடிச்சு வெச்சு... தைப்போம்ல? அப்புறமா... பிரிச்சு விட. அது மாதிரி... அடியில வெக்க... ஒரு சட்டம். இப்பவே... செஞ்சு வெச்சுடு. அவருக்கு... தெரியக்கூடாது. நான் போனப்புறம்... குடு."

டேப்பைச் சுருட்டிப் பையில போட்டேன். ஆனா அளவு கேக்காம எழுந்திருக்க முடியுமா? தொழில் அப்படி. "எவ்வளவு உயரத்துக்குக்கா?"

"தொட்டி விளிம்பு... அவரோட மூணாவது பட்டனுக்கு... வரணும்."

"அது எத்தனை இன்ச்சு?"

"நாப்பத்தெட்டு. செருப்பு... இல்லாம. முப்பது வருசமா... நான்தானே... சட்டை தைக்கிறேன்."

டீயைக் கொண்டு வந்த அண்ணனை, "இந்தக் கோலைக் கொஞ்சம் நேரா புடிங்கண்ணே, சுவர் சாஞ்சிருக்கான்னு பாக்கணும்"னு பொய் சொல்லி நிக்க வெச்சு, சட்டைப் பட்டனுக்கு நேரா நகத்தால கோல்ல கீறிக்கிட்டேன். அப்புறம் அளந்து பாத்தா நாப்பத்தெட்டு. இம்மி பிசகலை. நான் ரெண்டு தடவை அளக்கறதை அந்த அம்மா படுக்கையில கிடந்துக்கிட்டே சொல்லிட்டாங்க.

இடிச்ச வீட்டு உத்தரம் ஒண்ணு என்கிட்ட கிடந்துச்சு. நல்லா காஞ்சு இறுகின மரம். அதை அறுத்து மூணு இன்ச்சு கனத்துல கால் எடுத்தேன். ஆணியை நம்பலை. துளை போட்டு, நாக்கு இறக்கி, பசை வெச்சு, ரெண்டு நாள் கயித்தால முறுக்கிக் கட்டிப் போட்டேன். நாலு பக்கமும் குறுக்குச்சட்டம். மேல ஏறி நானே குதிச்சுப் பாத்தேன், மூச்சுகூட விடலை. ஸ்டாண்டு உயரம் பதினஞ்சு இன்ச்சு. மிச்ச மரத்துல இன்னொரு பதினஞ்சுக்கு அடிச்சட்டம், தொட்டியோட பதினெட்டும் சேந்தா நாப்பத்தெட்டு. அதோட தலையில நாலு முளை, ஸ்டாண்டு கால் அடியில அதுக்கு நேரா நாலு குழி. அடிச்சட்டத்தோட உள்பக்கம் ஞாபகத்துக்குப் பென்சில்ல "மூணாவது பட்டன்"னு எழுதி, சாக்கு போத்தி மூலையில சாத்தினேன்.

ஸ்டாண்டைக் கவுத்து எடுத்துக்கிட்டுப் போனப்ப அண்ணன் குழியைப் பாத்துட்டாரு. "இது எதுக்குடா?" "காத்துப் போகண்ணே, மரம் ஊறாது"ன்னு வாய் கூசாம சொன்னேன். மரத்துக்கு மூக்கா இருக்கு மூச்சு விட? அந்த வெள்ளை மனசு அதையும் நம்புச்சு.

அந்த அறையோட தரை வாசல் பக்கம் அரை இன்ச்சு சரிஞ்சிருந்துச்சு. ரசமட்டத்தை வெச்சு, மரச்சீவலை அடியில தட்டித் தட்டி, குமிழி நடுவுக்கு வர ஒரு மணி நேரம் ஆச்சு. மேல தெர்மாகோல் விரிச்சுத் தொட்டியை ஏத்தி, வாளி வாளியா தண்ணி ஊத்தி, மீனை விட்டோம். ஏழு தங்கமீன், கண்ணாடியை நக்கிக்கிட்டே ஊர்ந்து போற கருப்பு மீன் ஒண்ணு. எல்லாத்தையும் முறைச்சுக்கிட்டு ரோந்து சுத்தற பெரிய மீனுக்கு அக்கா எப்பவோ இன்ஸ்பெக்டர்னு பேர் வெச்சிருந்தாங்க. அக்கா தொட்டியைப் பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. அண்ணன் என் தோள்ல கையை வெச்சு அழுத்தினாரு. அன்னைக்கு மெதுவா பாடிக்கிட்டே கஞ்சி காய்ச்சினாரு, கேக்கச் சகிக்கலை.

அப்படியே ரெண்டு மாசம் ஓடுச்சு. மழை விட்டு வெயில் வந்துச்சு. நான் போறப்பல்லாம் அக்கா கண்ணு தொட்டியிலதான் இருக்கும். அண்ணன் அந்தப் பக்கம் அடுப்படியில ஏதாவது உருட்டிக்கிட்டு இருப்பாரு. "இப்பத்தான்டா வீட்டுல கொஞ்சம் காத்து வருது. பகல் பூரா மீன்தான் அவளுக்கு"ன்னு சொல்லுவாரு.

அப்பத்தான் வெளியூர்ல இருந்து மக வந்துச்சு. தங்கமான பொண்ணு. அப்பா குனிஞ்சு குனிஞ்சு அம்மாவைத் தூக்கறதைப் பாத்துட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில் ஒண்ணு வாடகைக்கு ஏற்பாடு பண்ணிடுச்சு. கைப்பிடியைச் சுத்தினா தலைமாடு எழும்பும், அந்த மாதிரி. செஞ்சது நல்ல காரியம்தான். ஆனா தொட்டியை யாரும் நெனச்சுப் பாக்கலை, நானும்தான். கட்டில் ஒன்றரை அடி உசந்துடுச்சு. மீன் கீழ போயிடுச்சு.

அண்ணன் மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடி வந்தாரு. நான் அந்தக் காலோடயே போயிப் பாத்தேன். அக்காவுக்கு நேரா தொட்டி மூடிதான் இருந்துச்சு. மூடிக்கு மேல அவங்க பார்வை நேரா அண்ணன் மேல. அவரு தலையைத் திருப்பிக்கிட்டு, "பாத்தியாடா, மறுபடியும் என்னையே பாக்கறா. ஏதாவது செய்யேன்"னு கெஞ்சினாரு. மக ஓரமா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

எனக்கு எங்கேருந்துதான் அந்த வீறாப்பு வந்துச்சோ தெரியலை. "இதுக்கா அழறீங்க? அரை மணி நேரம் குடுங்க. சரியான அளவுக்கு அடிச்சட்டம் ரெடியா இருக்கு, கொண்டாந்துடறேன்"னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்புறம்தான் அக்கா கண்ணைப் பாத்தேன். என் வாயில மண்ணைப் போட.

"ரெடியா இருக்கா? கட்டில் நேத்துதானே வந்துச்சு?"ன்னு கேட்டாரு அண்ணன்.

"மிச்ச மரம் கிடந்துச்சுண்ணே, சும்மா..." ஏதோ உளறிட்டு ஓடினேன்.

தண்ணியை இறைச்சு, மீனை வாளியில விட்டு, தொட்டியை இறக்கி, அடிச்சட்டத்தை வெச்சு அதுமேல ஸ்டாண்டை ஏத்தினோம். நாலு முளையும் நாலு குழியில டக்குன்னு போயி உக்காந்துச்சு. இவ்வளவு கச்சிதமா பொருந்துச்சேன்னு வாழ்க்கையிலயே அன்னைக்குத்தான் வயித்தெரிச்சல் பட்டேன். சட்டத்தைப் புடிச்சுக்கிட்டு இருந்த அண்ணன் உள்பக்கம் பென்சில் எழுத்தைப் பாத்துட்டாரு. எழுதினவன் அழிச்சிருக்கணும். அழிக்கலை. அவர் கை தன்னால தன் நெஞ்சுக்குப் போயி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பட்டனைத் தடவுச்சு. உலகத்துல பட்டன் கணக்குல உயரம் சொல்ற ஆள் ஒருத்திதானே இருக்கா.

"என்னை விட்டுட்டுப் போறதுக்கு அளவெடுத்து வெச்சிருக்கியா?" கட்டில் பக்கம் திரும்பிக் கத்தினாரு. அந்த மனுசன் கத்தி நான் கேட்டதே இல்லை. "நான் இங்க நீ நாளைக்கு எழுந்திருப்ப, நாளன்னைக்கு எழுந்திருப்பன்னு இருக்கேன். நீ எனக்கு... எனக்கு..."

அக்காகிட்டேருந்து ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு.

"அளவெடுக்காம... உங்களுக்கு... நான் என்னைக்கு... தெச்சேன்?"

அண்ணன் விடுவிடுன்னு பக்கவாட்டுல நுழைஞ்சு சமையலறைக்குள்ள போனாரு. குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டுச்சு. நானும் மகளும் தொட்டியை ஏத்தித் தண்ணி ஊத்தினோம். மீனை விட்டதும் அக்கா கண்ணு தொட்டிக்கு வந்துடுச்சு. அங்கேயே நின்னுடுச்சு. நான் குனிஞ்சு, "மன்னிச்சுக்குங்கக்கா"ன்னேன். "வாய்... ஓட்டை... முசுடு"ன்னாங்க. கண்ணு மட்டும் தொட்டியை விட்டு நகரலை.

அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் இருந்தாங்க. ஒருநாள் முற்பகல்ல, அண்ணன் அடுப்படியில கஞ்சி ஆத்திக்கிட்டு இருக்கறப்பவே போயிட்டாங்க. கண்ணு தொட்டியைப் பாத்தபடியே இருந்துச்சுன்னு மக சொல்லுச்சு. டம்ளரோட வந்த அண்ணன், மீன் பாக்கறான்னு நெனச்சு ரெண்டு தடவை கூப்பிட்டாராம்.

கட்டிலைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மகளும் வேலைக்குத் திரும்பணும், போயிடுச்சு. ஒரு மாசம் கழிச்சு அண்ணன் ஆள் விட்டாரு, உளி, சுத்தியலோட வரச்சொல்லி. போனேன். கட்டில் இருந்த இடத்துல நாலு சக்கரத்தடம் மட்டும் தரையில இருந்துச்சு. மனுசன் பாதியா இளைச்சிருந்தாரு. சட்டை ஹேங்கர்ல தொங்கற மாதிரி தொங்குச்சு.

"அடிச்சட்டத்தை எடுத்துடுடா. பழையபடி தாழ்வா இருக்கட்டும்."

"எதுக்குண்ணே? நின்ன வாக்குல தீனி போடலாம், அதுக்குத்தானே அக்கா..."

"அவ பாத்த மாதிரி நான் படுத்துக்கிட்டுப் பாக்கணும்."

"இடுப்பு என்ன ஆகும்? தினம் குனிஞ்சு குனிஞ்சு..."

"வலிக்கட்டும்டா."

எனக்கு மூக்கு மேல கோவம் வந்துடுச்சு. "சாகப்போற பொம்பளை உங்க இடுப்பைப் பத்திக் கவலைப்பட்டு அளவு சொன்னாங்க. அதை வேணாம்னு சொல்ல உங்களுக்கு எப்படிய்யா மனசு வருது?"

"அவ பகல் பூரா என்னத்தைப் பாத்தான்னு எனக்குத் தெரியணும்டா." குரல் உடைஞ்சு போச்சு. "நான் நின்னு பாத்தா வெறும் மீனுதான் தெரியுது. வெறும் மீனை இப்படியா ஒருத்தி பாப்பா?"

இதுக்கு மேல அவரோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. சரி, இறக்கித் தொலைக்கிறேன்னு வாளி எடுக்கச் சமையலறைக்குள்ள போனேன். வெயில்ல நடந்து வந்ததுல நாக்கு வறண்டு போயிருந்துச்சு. அடுப்புப் பக்கத்துல நின்னு குழாய்த்தண்ணியை டம்ளர்ல புடிச்சுக் குடிச்சுக்கிட்டு இருந்தேன். அண்ணன் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, உசரமான ஸ்டூல் ஒண்ணை இழுத்துப் போட்டு, கட்டில் தலைமாடு இருந்த இடத்துல உக்காரற சத்தம் கேட்டுச்சு.

"டேய்."

"வர்றேண்ணே, தண்ணி குடிச்சுட்டு."

"வராத. அசையாத. அங்கேயே நில்லு."

என்ன வந்துச்சு இந்த மனுசனுக்குன்னு மூஞ்சி வேர்வையைத் துடைச்சுக்கிட்டே டம்ளரும் கையுமா திரும்பினேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிஞ்சுது. ஜன்னல் வெளிச்சம் என் பக்கவாட்டுல விழுந்து தண்ணிக்குள்ள போய்க்கிட்டு இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் நடுவுல மெதுவா ரோந்து போனான்.

"தெரியறடா," அவர் சொன்னாரு. "தலையிலேருந்து இடுப்பு வரைக்கும் முழுசா தெரியற. தண்ணி குடிச்சது தெரிஞ்சுது. மூஞ்சியைத் துடைச்சது தெரிஞ்சுது. எல்லாமே தெரியுதுடா."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. வாசலுக்கு நேரா வெக்கச் சொன்னது, நீலத்தாள் வேணாம்னது, கதவைச் சாத்தாதேன்னது. வெளிச்சமாம், மீன் நல்லா தெரியணுமாம். முசுடு, முட்டாள், நானும் நம்பினேனே.

"தொட்டி மறைச்சிருக்குன்னு நெனச்சேன்டா," அண்ணன் முணுமுணுத்தாரு. "மீனைத்தான் பாக்கறான்னு நெனச்சு அங்க நின்னுதான் அழுவேன். தினம் அழுவேன். அந்த இடத்துலதான், நீ நிக்கிற அதே இடத்துலதான்." ரெண்டு கையாலயும் ஸ்டூலைப் புடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்து, சின்னப் புள்ளை மாதிரி அழுதாரு. கதவைச் சாத்திக்கலை, மூஞ்சியைத் திருப்பிக்கலை.

ஓடிப்போயி புடிச்சுக்கணும்னு கால் பரபரத்துச்சு. ஆனா நில்லுன்னு சொல்லியிருந்தாரு. எனக்கும் கண்ணுல தாரை தாரையா வந்துச்சு, துடைக்கலை.

ரொம்ப நேரம் கழிச்சு, "அடிச்சட்டம் அப்படியே இருக்கட்டும்"னாரு.

"சரிண்ணே."

"நீ இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."

அவர் போதும்னு சொல்ற வரைக்கும் நான் அடுப்புப் பக்கத்துலயே நின்னேன்.